பூனைக்கே அதிக ஓட்டு

"நானும் ஒரு வியாபாரிதானே அண்ணே? நான் எடுக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

1997-ல் சேலத்தில் ஒரு பூ கமிஷன் கடையில் என் அப்பாவிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. பனமரத்துப்பட்டியில் அப்போது எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் அரளி. மொட்டைப் பறித்து, பையில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, மார்க்கெட்டில் கொண்டுபோய்ப் போட வேண்டும். கடைக்காரர் ஏலம் விட்டு, கமிஷனைக் கழித்துக்கொண்டு சிட்டையும் பணமும் கொடுப்பார். ஒரு ஆடி மாசம், பக்கத்துக் கடையிலெல்லாம் நல்ல விலை. எங்கள் சிட்டையில் மட்டும் பாதி. தொடர்ந்து மூன்று நாள். விசாரித்தால், எங்கள் பூவை ஏலத்தில் எடுத்தவர் கடைக்காரரின் மச்சான். மச்சான் பெயருக்குத்தான். பணம் கடைக்காரருடையது.

அப்பாவுக்குச் சண்டை போட வராது. போய்க் கேட்டார், அவ்வளவுதான். பதிலாக வந்தது மேலே சொன்ன எதிர்க்கேள்வி. எங்கே எழுதியிருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. பேசாமல் கடையை மாற்றிக்கொண்டார்.

எனக்கு அதே வருஷம் பி.காம். வகுப்பில் தெரிந்துவிட்டது. 1956-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், 299-வது பிரிவு: கம்பெனி போடுகிற ஒப்பந்தத்தில் ஒரு இயக்குநருக்குச் சொந்த ஆதாயம் இருந்தால், அதை அவர் போர்டு கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 300-வது பிரிவு: சொன்னால் மட்டும் போதாது, அந்த விஷயத்தில் அவர் வாயைத் திறக்கக் கூடாது, ஓட்டும் போடக் கூடாது. (2013-ல் வந்த புதுச் சட்டத்தில் இரண்டும் 184-க்குள் வந்துவிட்டன. எனக்கு என்னவோ பழைய நம்பர்தான் வாயில் வருகிறது. பத்து மார்க் கேள்விக்காக உருப்போட்டது லேசில் போகாது.)

பூக்கடைக்குக் கம்பெனிச் சட்டம் பொருந்தாதுதான். ஆனால் எங்கோ, யாரோ, என் அப்பா மாதிரி ஏமாந்தவர்களை நினைத்து இதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதே அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இத்தனை வருஷம் கழித்து அதே கேள்வியை என் அக்கா மகன் வாயிலிருந்து கேட்டேன். பையன் இன்ஜினீயர். வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். 2021-ல் கிரிப்டோ ஜுரம் அடித்தபோது ஒரு காயினில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் போட்டான். அதில் பாதி, அக்காவின் வளையலை அடகு வைத்து வாங்கியது. காயின் பெயர் வேண்டாம், அது மாதிரி ஆயிரம் இருக்கிறது. அந்த நெட்வொர்க்கின் பொது நிதியிலிருந்து, அதை ஆரம்பித்தவர்களின் இன்னொரு கம்பெனிக்குப் பெரிய தொகை போயிற்று. அவர்கள் விற்றார்கள். விலை விழுந்தது. வளையல் மீளவில்லை.

"அப்படியெல்லாம் சும்மா எடுத்துட முடியாது மாமா. ஓட்டெடுப்பு நடத்தித்தான் எடுத்தாங்க."

"அந்த ஓட்டை யார் போட்டது?"

"அவங்க கையிலதான் நிறைய டோக்கன் இருக்கு. அவங்களும் போட்டாங்க. அவங்க போடக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

பிளாக்செயின் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷம். அது ஒரு பேரேடு. ஒரே பேரேட்டின் நகல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கும். ஒருத்தர் மட்டும் திருட்டுத்தனமாகத் திருத்தினால் மற்ற நகல்கள் ஒத்துக்கொள்ளாது. அதனால் பாங்க் வேண்டாம், கமிஷன் கடை வேண்டாம், யாரையும் நம்ப வேண்டாம் என்று சொன்னார்கள். கணக்கைப் பொறுத்தவரை இது உண்மையும்கூட. நான் அதைக் குறை சொல்லவில்லை.

ஆனால் கணக்கு எழுதுகிற விதியை மாற்ற வேண்டி வந்தால்? பொது நிதியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டி வந்தால்? அங்கே கம்ப்யூட்டர் நிற்கிறது, மனுஷன் வருகிறான். மனுஷன் வந்தால் மச்சானும் வருவான். பல நெட்வொர்க்குகளில் ஒரு டோக்கனுக்கு ஒரு ஓட்டு. ஆரம்பித்தவர்களிடமும், முதலில் பணம் போட்ட பெரிய கைகளிடமும்தான் டோக்கன் மலையாகக் குவிந்திருக்கும். தீர்மானம் எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

இதற்குத் தமிழில் 'ஆதாய முரண்' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்போம். இங்கே பூனையே காவல். அதோடு, பால் சட்டியை யார் பார்த்துக்கொள்வது என்று நடக்கும் தேர்தலில் பூனைக்குத்தான் அதிக ஓட்டு.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் 2023-ல் நடந்த ஆர்பிட்ரம் கதையைக் கேளுங்கள். மார்ச் மாதம் டோக்கன் வெளியிட்டு, 'இனி எல்லாம் உங்கள் ஓட்டுதான்' என்று அறிவித்தார்கள். முதல் தீர்மானமே, நிர்வாக அறக்கட்டளைக்கு 75 கோடி டோக்கன் ஒதுக்குவது. அன்றைய விலையில் சுமார் எட்டாயிரம் கோடி ரூபாய். ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு விஷயம் வெளியே வந்தது: அதில் ஐந்து கோடி டோக்கன் ஏற்கெனவே கை மாறிவிட்டது. நாலு கோடியைச் சந்தை நடத்தும் ஒரு நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்திருந்தார்கள், ஒரு கோடியைச் செலவுக்காகக் காசாக்கியிருந்தார்கள். ஏன் சார் என்று கேட்டதற்கு, இது அனுமதி கேட்கிற ஓட்டெடுப்பு இல்லை, ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு ஒப்புதல் வாங்குகிற ஓட்டெடுப்பு என்று விளக்கம் வந்தது. பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, 'சாப்பிடலாமா?' என்று கேட்பது போல. ஜனங்கள் கொதித்து எதிர்த்து ஓட்டுப் போட்டதால் தீர்மானத்தைப் பிரித்து, திருத்தி மறுபடி கொண்டுவந்தார்கள். டோக்கனைத் திருப்பிக் கொடு என்று ஒருவர் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது.

2020-ல் ஸ்டீம் என்ற நெட்வொர்க்கில் நடந்தது இதற்கும் மேலே. அதை ஆரம்பித்த கம்பெனியை ஜஸ்டின் சன் என்ற கோடீஸ்வரர் பிப்ரவரியில் விலைக்கு வாங்கினார். கம்பெனி கையிலிருந்த பெரிய டோக்கன் குவியலும் அவரிடம் போனது. நெட்வொர்க்கை நடத்த ஓட்டு வாங்கி வந்திருந்தவர்கள் பயந்துபோய், அந்தக் குவியல் ஓட்டுப் போட முடியாதபடி பூட்டினார்கள். அவர்கள் பதவிக்கும் அதுதானே பாதுகாப்பு! சன் என்ன செய்தார்? பைனான்ஸ், ஹூவோபி, போலோனியெக்ஸ் ஆகிய மூன்று எக்ஸ்சேஞ்சுகளில் வாடிக்கையாளர்கள் போட்டு வைத்திருந்த டோக்கன்களே அவருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டன. மார்ச் தொடக்கத்தில் ஒரே நாளில் பழைய நிர்வாகிகள் எல்லோரும் வெளியே. டோக்கனுக்குச் சொந்தக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் டீமேட் கணக்கில் இருக்கும் பங்குகளை வைத்து உங்கள் புரோக்கர் கம்பெனி மீட்டிங்கில் கையைத் தூக்கினால் எப்படியிருக்கும்? அப்படி. கூச்சல் கிளம்பியதும் பைனான்ஸ் ஓட்டை வாபஸ் வாங்கியது. பழைய ஆட்கள் மார்ச் 20-ம் தேதி பேரேட்டை நகலெடுத்துக்கொண்டு, 'ஹைவ்' என்று தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.

"இதெல்லாம் சில்லறைக் கேஸு மாமா. பெரிய எடத்தப் பாருங்க" என்றான் மாப்பிள்ளை. சரி, பெரிய இடத்துக்கே போவோம். பிட்காயினுக்கு அடுத்த பெரிய நெட்வொர்க்கான ஈத்தீரியம். இந்தக் கதையில் நம்ம ஊர்க்காரர் ஒருத்தரும் வருகிறார்.

ஈத்தீரியத்தில் டோக்கன் ஓட்டுக் கிடையாது. விவாதித்து விவாதித்துத்தான் விதியை மாற்றுவார்கள். அந்த விவாதத்தில் யார் பேச்சு எடுபடும்? ஈத்தீரியம் அறக்கட்டளையின் ஆராய்ச்சியாளர்கள் சொன்னால் எடுபடும். அவர்களுக்கு அதிகாரம் என்று எழுத்தில் ஒன்றுமில்லை, ஆனால் சொல்லுக்கு எடை உண்டு. ஊர்ப் பெரியவர் மாதிரி.

சென்னை கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்ரீராம் கண்ணன், ஐகன்லேயர் என்ற ஒன்றை உருவாக்கினார். மூளைக்காரர், சந்தேகமே இல்லை. அவருடைய யோசனை இது: ஈத்தீரியத்தைப் பாதுகாக்க நீங்கள் ஏற்கெனவே பிணையாகக் கட்டி வைத்திருக்கும் ஈதரையே, வேறு சேவைகளுக்கும் பிணையாக வைத்துக் கூடுதல் வருமானம் பார்க்கலாம். ஒரே பத்திரத்தை, முதல் பாங்குக்குத் தெரிந்தே, இரண்டாவது பாங்கிலும் அடமானம் வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 மே வாக்கில் இதற்குள் வந்திருந்த ஈதரின் மதிப்பு சுமார் 1,500 கோடி டாலர்.

இரண்டாவது பாங்கில் ஏதாவது கோளாறானால் முதல் பாங்கும் ஆடுமா ஆடாதா? ஈத்தீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புடெரினே, ஈத்தீரியத்தின் தலையில் இப்படி ஓவராகச் சுமையேற்றாதீர்கள் என்று 2023 மே மாதம் எச்சரித்து எழுதியிருந்தார். ஆக, நடுநிலையாக இருந்து ஆராய வேண்டிய கேள்வி. ஆராய வேண்டியவர்கள் அறக்கட்டளையின் ஆராய்ச்சியாளர்கள்.

அவர்களில் முக்கியமான ஒருவர் ஜஸ்டின் டிரேக். 2024 மே மாதம் அவர் எக்ஸ் தளத்தில் தானே எழுதினார்: ஐகன் அறக்கட்டளைக்கு ஆலோசகராகச் சேர்ந்திருக்கிறேன். சம்பளம் ஐகன் டோக்கனாக, மூன்று வருஷத்தில் கைக்கு வரும். மதிப்பு பல மில்லியன் டாலர்கள், என்னுடைய மற்ற சொத்து மொத்தத்தையும்விட அதிகமாகக்கூட ஆகலாம். இன்னொரு முக்கிய ஆராய்ச்சியாளரான டான்க்ராட் ஃபைஸ்டும் அதே மாதிரி ஆலோசகரானார்.

நன்றாகக் கவனியுங்கள். இவர்கள் திருடவில்லை. ஒளிக்கவில்லை. எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. டிரேக், அந்த வேலையில் வரும் பணத்தை ஈத்தீரியம் சம்பந்தப்பட்ட நல்ல காரியங்களுக்கே திருப்பிவிடுவேன் என்றும் சொன்னார். ஆபத்துகளை எடுத்துச் சொல்லத்தான் உள்ளே போகிறேன் என்றார். நான் நம்புகிறேன். ஆனால், தன் மற்ற சொத்து எல்லாவற்றையும்விடப் பெரிய சொத்து ஒரு திட்டத்தில் மாட்டியிருக்கும் மனுஷன், அந்தத் திட்டத்தால் ஊருக்கு ஆபத்து என்று ஒரு நாள் சொல்ல வேண்டி வந்தால், நாக்கு ஒரு நொடி தயங்காதா? எனக்குத் தயங்கும். உங்களுக்கு?

அவர்கள் செய்தது 299. வெளிப்படையாகச் சொன்னார்கள். 300 எங்கே? எழுந்து வெளியே போக வேண்டுமே! போர்டு ரூம் என்று ஒன்றே இல்லாத இடத்தில் எங்கிருந்து எழுந்து எங்கே போவது? 'நாங்கள் பரவலாக்கப்பட்டவர்கள்' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதன் மறுபக்கம் இதுதான். தலைவன் இல்லை என்றால், பொறுப்பும் யார் தலையிலும் இல்லை.

கூச்சல் எழுந்த பிறகு, ஆதாய முரணுக்கு முறையான கொள்கை வகுக்கிறோம் என்று அறக்கட்டளை அறிவித்தது. நெட்வொர்க் தொடங்கியது 2015-ல். கொள்கை பற்றிய பேச்சு 2024-ல்! அந்த வருஷம் நவம்பரில் டிரேக் ஆலோசகர் பதவியை விட்டார், ஈத்தீரியம் சமூகத்திடம் மன்னிப்பும் கேட்டார், இனி இப்படி எந்தப் பதவியும் ஏற்க மாட்டேன் என்றார். ஃபைஸ்டும் விலகினார். டிரேக் கேட்ட மன்னிப்பை நான் மதிக்கிறேன். நம்ம ஊரில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

நம்ம ஊர் என்றதும் ஞாபகம் வருகிறது. என். சீனிவாசன் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளராக இருந்தார். சங்ககிரியில் சிமென்ட் ஆலை வைத்திருக்கும் இந்தியா சிமென்ட்ஸின் நிர்வாக இயக்குநராக அப்போது இருந்தவரும் அவர்தான். 2008-ல் இந்தியா சிமென்ட்ஸ் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வாங்கியது. வாரிய நிர்வாகிகளுக்கு வாரியப் போட்டிகளில் வியாபார ஆதாயம் இருக்கக் கூடாது என்று 6.2.4 என்ற விதி இருந்தது. அதே வருஷம் செப்டம்பரில், 'ஐ.பி.எல். நீங்கலாக' என்று விதியையே திருத்திவிட்டார்கள். தோனிக்காக விசில் அடித்த நாம் யாரும் (என்னையும் சேர்த்துத்தான்) அன்றைக்கு இதைக் கேட்கவில்லை. 2015 ஜனவரி 22-ல் நீதிபதிகள் தாக்குர், கலிஃபுல்லா அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அந்தத் திருத்தத்தைக் குப்பையில் போட்டது. வியாபார ஆதாயம் வைத்திருப்பவர் வாரியத் தேர்தலில் நிற்கவே கூடாது என்றும் சொன்னது. ஏழு வருஷம் ஆனாலும், போய்க் கேட்க ஒரு கோர்ட் இருந்தது. ஸ்டீம் டோக்கன்காரர்கள் எந்த கோர்ட்டுக்குப் போவார்கள்?

மாப்பிள்ளை விடவில்லை. "யாருக்கு நிறைய பணம் மாட்டியிருக்கோ, அவங்கதான் மாமா அக்கறையா முடிவெடுப்பாங்க. கம்பெனியிலயும் பங்குக்கு ஒரு ஓட்டுதானே?"

நல்ல கேள்வி. ஆமாம், பங்குக்கு ஒரு ஓட்டுதான். ஆனால் 2013 சட்டத்தின் 188-வது பிரிவைப் பார். கம்பெனி தன் சொந்தபந்தங்களோடு போடும் ஒப்பந்தம் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வந்தால், அதில் சம்பந்தப்பட்ட பங்குதாரர் ஓட்டுப் போடக் கூடாது. ஐம்பது சதவீதம் வைத்திருந்தாலும் சும்மா உட்கார வேண்டியதுதான். பால் சொசைட்டியில் எத்தனை மாடு வைத்திருந்தாலும், எத்தனை பங்கு எடுத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. ஆதாயம் இருந்தால் தகுதி போய்விடும் என்பதுதான் நாம் பட்டுப் பட்டுக் கற்ற பாடம். இவர்கள் அதைத் தலைகீழாக நிறுத்தி, ஆதாயம்தான் தகுதி என்கிறார்கள். எவ்வளவு ஆதாயமோ அவ்வளவு ஓட்டு!

உத்திரமேரூர் கல்வெட்டை நான் இங்கே இழுக்கப் போவதில்லை. மேடைப் பேச்சாளர்கள் அதை ஏற்கெனவே தேய்த்துவிட்டார்கள். தென்மாவட்டக் கண்மாய்களைச் சொல்கிறேன். மடையைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்ச நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். பல ஊர்களில் அவருக்கு அந்த ஆயக்கட்டில் நிலம் இருக்கக் கூடாது என்பது வழக்கம். இருந்தால் முதல் தண்ணீர் எந்த வயலுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியும். (நிலமில்லாதவரைத் தேடிப் பிடித்தது நியாயத்துக்காக மட்டும்தானா, சாதிக்கும் அதில் பங்கு உண்டா என்பது தனியாக எழுத வேண்டிய சங்கதி.) ஊருக்குள்ளேயே அதிக நிலம் வைத்திருப்பவர்தான் அக்கறையாகத் தண்ணீர் பாய்ச்சுவார் என்று எந்தக் கிழவனும் வாதாடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் நீர்ப்பாய்ச்சிக்கு அறுவடையில் ஊர் நெல் அளந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்று ஆகும். ஈத்தீரியத்தின் முக்கிய மென்பொருளான கெத் என்பதைப் பல வருஷம் கட்டிக் காத்த பீட்டர் சிலாகி என்பவர், 2024-ல் அறக்கட்டளைக்கு எழுதிய கடிதத்தை 2025 அக்டோபரில் வெளியிட்டார். முதல் ஆறு வருஷத்துக்கு அவருக்குக் கிடைத்த சம்பளம் மொத்தமே 6,25,000 டாலர், வரி பிடிக்கும் முன்பு. அதே காலத்தில் ஈத்தீரியத்தின் சந்தை மதிப்பு பூஜ்யத்திலிருந்து 45,000 கோடி டாலருக்குப் போனது. சம்பளத்தைக் குறைத்து வைத்ததே, ஆட்கள் வெளியே ஆலோசகர் பதவி தேடி ஓட வழி செய்தது என்பது அவருடைய புகார். நியாயமான புகார்தான். காவல்காரனுக்குக் கூலி கொடுக்காத பண்ணையில் காவல்காரன் வேறு வழி பார்ப்பான். அவனைத் திட்டுவதற்கு முன் பண்ணையாரைத் திட்ட வேண்டும்.

இங்கே நம் அரசாங்கம் என்ன செய்கிறது? 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்தில் 30 சதவீதம் வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் விடாது. லாபத்தில் பங்குக்கு வருகிற அரசாங்கம், உள்ளாள் ஆட்டத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. பங்குச் சந்தையில் உள்ளாள் வியாபாரத்தைத் தடுக்க செபியின் 2015 விதிகள் இருக்கின்றன. இந்த டோக்கன்களுக்கு அவை பொருந்தாது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு நல்ல காரியம் செய்தார். வசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 2024 ஜூலையில் நடந்த திருட்டுக்குப் பிறகு முடங்கிய ஒரு முதலீட்டாளரின் டோக்கன்கள் பற்றிய வழக்கில், கிரிப்டோ ஒரு சொத்துதான், அதை இன்னொருவர் சார்பில் பொறுப்பாளராக வைத்திருக்கவும் முடியும் என்று தீர்ப்பளித்தார். இது பெரிய விஷயம். அடுத்தவன் சொத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவன் அதில் தன் ஆதாயம் பார்க்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டத்துக்கும் முந்தின தர்மம். டோக்கன் சொத்து என்றால், அதை வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்சும், பொது நிதியைக் கையில் வைத்திருக்கும் அறக்கட்டளையும் யார்? அந்தக் கதவை முழுசாகத் திறக்க வேண்டியது டெல்லி.

இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு டோக்கனுக்கும், உள்ளாட்கள் யார், யாரிடம் எவ்வளவு, எப்போது விற்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டச் சொல்லட்டும். எக்ஸ்சேஞ்சுகள் வாடிக்கையாளர் டோக்கனில் ஓட்டுப் போடுவதைக் கிரிமினல் குற்றமாக்கட்டும். தன் கம்பெனிக்குப் பணம் போகும் தீர்மானத்தில் தன் டோக்கன் எண்ணப்படாது என்பதை மென்பொருளிலேயே எழுத முடியுமா? பினாமி வாலெட்டில் போட்டுத் தப்பிக்கலாம் என்பார்கள். தப்பிக்கலாம். மச்சான் பெயரில் பூ எடுத்தவரும் அப்படித்தான் தப்பித்தார். ஆனால் கூடாது என்று எழுதி வைத்துவிட்டால், அடுத்த தடவை தப்பிக்கிறவன் 'எங்க எழுதியிருக்கு' என்று கேட்க முடியாது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை போனைக் காட்டினான். அவன் காயினில் புதுசாக ஒரு ஓட்டெடுப்பு. நிர்வாகிகளுக்கு இன்னும் கொஞ்சம் டோக்கன் ஒதுக்குவதாம்.

"போட்டுட்டியாடா?"

"எங்கிட்ட இருக்கறது நானூத்திச் சொச்சம் மாமா. அதோட மதிப்பு இப்ப டீ செலவுக்குக் காணாது. ஓட்டுப் போட கட்டற ஃபீஸ் அதவிட ஜாஸ்தி."

அக்கா திண்ணையில் உட்கார்ந்து அரளி மொட்டு கோத்துக்கொண்டிருந்தாள். கையில் ரப்பர் வளையல்.